ஐந்து வாரங்களாக அசையாத எடை: பொறுமை காப்பது எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நான், புரட்டாசி விரதத்தோடு தொடங்கிய உணவுக் கட்டுப்பாட்டால் மூன்று மாதங்களில் 91 கிலோவிலிருந்து 83 கிலோவுக்கு இறங்கினேன்; ஆனால் கடந்த ஐந்து வாரங்களாக எடைக்கருவியின் முள் அங்கேயே நிற்கிறது.

முதல் வாரங்களில் வேகமாகக் குறைந்ததில் பெரும்பகுதி நீர்தான் என்பதும் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்), உடல் இளைக்க இளைக்க அதன் கலோரித் தேவையும் குறைவதால் அன்று எடையைக் குறைத்த அதே சாப்பாடு இன்று குறைக்காது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. மனம்தான் கேட்க மறுக்கிறது. சனிக்கிழமை திருமண வீட்டில் பிரியாணியைத் தவிர்த்துவிட்டுத் திங்கட்கிழமை அதே எண்ணைப் பார்க்கும்போது, பேசாமல் ஒரு பன்னி சௌ வாங்கித் தின்றுவிடலாம் என்றே தோன்றுகிறது. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய அந்தப் பண்டத்தின் கலோரியைக் கணக்கிட எனக்குத் துணிவில்லை. இடுப்புச் சுற்றளவு மட்டும் 2 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது.

இத்தகைய தேக்கத்தைக் கடந்தவர்கள், எத்தனை வாரங்கள் பொறுத்திருந்தீர்கள், தினமும் எடை பார்ப்பதை விட்டு வாரச் சராசரியைக் குறித்தீர்களா, சோற்றின் அளவைக் குறைத்தீர்களா அல்லது கடற்கரை நடையைக் கூட்டினீர்களா என்று தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்வதால், முழுப் பட்டினி இருக்கும் ஆலோசனை மட்டும் வேண்டாம்.