சென்னையின் மொத்த காய்கறிச் சந்தையான கோயம்பேடு மார்க்கெட்டை மூடியது சரியா? அடுத்த கொள்ளைநோய்க்கு மார்க்கெட்காரர்கள் என்ன கேட்டு வைக்கலாம்?

மண்டிக்கடை மகன் (கேள்வி)

எங்கள் ஊர் மொத்த காய்கறி மார்க்கெட்டில் அப்பாவுக்கு ஒரு கமிஷன் மண்டி இருக்கிறது. இன்னொரு கொள்ளைநோய் வந்தால் மார்க்கெட்டை எப்படி நடத்துவது என்று நகராட்சியிலிருந்து சங்கத்திடம் கருத்து கேட்டிருக்கிறார்கள். அதைப் பேச உட்கார்ந்த கூட்டம் கடைசியில் 2020 கொரோனா காலத்தைப் பற்றிய சண்டையாகவே முடிந்தது. ஒரு பாதி ஆட்கள், "கோயம்பேட்டை மார்ச் மாதமே பூட்டியிருந்தால் சென்னை தப்பித்திருக்கும்" என்கிறார்கள். இன்னொரு பாதி, "பூட்டினதால்தான் நாசம், நோயில் போனவனைவிடக் கடனில் போனவன் அதிகம்" என்கிறார்கள் (கணக்கு கேட்டால் யாரிடமும் இல்லை).

உயிரா பிழைப்பா என்ற பட்டிமன்றத்தில் எனக்குத் தீர்ப்பு வேண்டாம். கடிதத்தில் எழுத உருப்படியாக ஏதாவது வேண்டும். அப்போது சென்னையில் வியாபாரம் பார்த்தவர்கள், சுகாதாரத் துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கே தவறியது? மூடியதிலா, மூடாமல் விட்டதிலா, மூடின விதத்திலா?

சூளைமேடு காய்வண்டி

மூடின விதத்தில்தான். நான் அப்போதும் காய் வண்டிதான், இப்போதும் காய் வண்டிதான், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை அறிவிக்கிறார்கள், ஞாயிறு காலையிலிருந்து சென்னை, கோவை, மதுரை மூன்றிலும் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று. நடுவில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. வண்டியில் காய் வரும், கோயம்பேடு மொத்த வியாபாரம் நடக்கும் என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது, ஆனால் ஒரு மாதமாகத் தினம் ஒரு உத்தரவு கேட்டுக் கேட்டு நொந்துபோன ஜனம் அதை எங்கே நம்பும்? சனிக்கிழமை கோயம்பேட்டில் கால் வைக்க இடமில்லை, முகக்கவசம் தாடையில் தொங்குகிறது, ஒரு மூட்டை வெங்காயத்துக்கு நாலு பேர் கை வைக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் மட்டுமில்லை, எங்களை மாதிரி வண்டிக்காரர்களும் அண்ணாச்சி கடைக்காரர்களும் நான்கு நாளைக்கான சரக்கை ஒரே காலையில் அள்ளினோம். அப்புறம் மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே பூட்டிவிட்டு, அதற்குள் நோய் ஊர் ஊராகப் போய்விட்டது என்றார்கள்.

இன்னொன்று, இதை யாரும் பேச மாட்டார்கள். ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றது, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டியது, நல்லது, வங்கியில் கடன் வாங்கினவனுக்கு. எங்களுக்குக் கடன் கொடுப்பவர் தண்டல்காரர். பத்தாயிரம் என்று எழுதி 8500 கையில் கொடுப்பார், தினம் நூறு ரூபாய் நூறு நாள் கட்ட வேண்டும். அவருக்கு ரிசர்வ் வங்கி யார்? வண்டி ஓடாவிட்டாலும் சாயந்திரம் வாசலில் வந்து நின்றார். ஜூன் மாதம் தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு பத்தாயிரம் ரூபாய் கடன் திட்டம் கொண்டுவந்தது, பெயர் ஸ்வநிதி, அதற்கு மாநகராட்சி கணக்கெடுத்துக் கொடுத்த அட்டை வேண்டும். அட்டை இல்லாதவர்கள் கடிதம் வாங்க அலைந்தார்கள். உங்கள் கடிதத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: நோய் வருவதற்கு முன்பே எல்லா வண்டிக்காரருக்கும் அட்டை கொடுத்து முடியுங்கள் என்று.

பழைய ஹெச்.ஐ.

அரியலூர் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்தேன், இப்போது ஓய்வு. மேலே அண்ணன் சொன்னது சென்னைப் பக்கம் நின்று பார்த்தது, அதன் அடுத்த பாதியை நாங்கள் பார்த்தோம்.

கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கடையில் தரம் பிரிக்கிறவர்கள் நிறையப் பேர் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்து ஆட்கள். தங்குவது பெரும்பாலும் கடையிலேயே, இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறை. கடை நின்றால் கூலி நிற்கும், மெஸ் நிற்கும், படுக்க இடமும் போகும். அம்மா உணவகத்தில் இலவசச் சாப்பாடு கிடைத்தது உண்மை, ஆனால் அதை நம்பி ஊரில் இருக்கிற பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு மாதம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரியில் ஏறிக்கொண்டார்கள், சிலர் பைக்கில் வந்தார்கள். மே 4ஆம் தேதி மாநிலத்தில் முதல் முறையாக ஒரே நாளில் 500க்கு மேல் தொற்று வந்தது. அந்த வாரத்தில் கடலூரிலும் அரியலூரிலும் ஒரே நாளில் நூறைத் தாண்டியது, அதுவரை எங்கள் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

நாங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினோம், பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தங்க வைத்தோம். இருமல் இருப்பதை மறைத்தவர்கள் உண்டு. திட்டிப் பயனில்லை. 14 நாள் தனிமை என்றால் 14 நாள் கூலி போச்சு, தன் வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைப்பதை வேறு பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் தனிமைப்படுத்தல் உத்தரவு வந்தால் சுயதொழில் செய்பவருக்கு நாளுக்கு 100 சிங்கப்பூர் டாலர் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து, தனிமையில் இருக்க வேண்டிய குறைந்த வருமானக்காரருக்கு 500 பவுண்டு கொடுத்தார்கள், அது தாமதம், எல்லாருக்கும் கிடைக்கவுமில்லை. ஆனால் திசை சரி. நிவாரணத்தைத் தர்மம் என்று நினைப்பதை முதலில் விட வேண்டும். மூட்டை தூக்குகிறவர் நோய் இருக்கிறது என்று தானே வந்து சொல்வதற்குக் கொடுக்கும் விலை அது, தடுப்பு வேலையில் சேர்ந்ததுதான். இங்கே ரேஷன் அட்டைக்கு ஆயிரம் கொடுத்தார்கள், நலவாரியத்தில் பதிந்திருந்தால் இன்னொரு ஆயிரம். அதை வைத்துக்கொண்டு ஒருவரை இரண்டு வாரம் சென்னையில் நிறுத்தி வைக்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கோவை தறி

எல்லாம் சரிங்க, ஆனா மார்க்கெட்டை இடம் மாத்தச் சொன்னப்ப ஒத்துக்காம இழுத்தடிச்சது யாரு? வியாபாரிகள் சங்கங்கள்தானே? அதையும் கடிதத்துல எழுதுவீங்களா?

மண்டிக்கடை மகன்

எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஏன் இழுத்தார்கள் என்பதையும் சேர்த்து. மே இரண்டாம் வாரத்தில் காய்கறி மொத்தக் கடைகளைத் திருமழிசைக்கும் பழம், பூ கடைகளை மாதவரத்துக்கும் மாற்றினார்கள் அல்லவா, திருமழிசையில் கிடைத்தது கிட்டத்தட்ட 200 பெரிய கடைகளுக்கான இடம். கோயம்பேட்டில் 3000க்கும் மேல் கடைகள். மீதிப் பேருக்கு? மழை பெய்தால் திருமழிசையில் முழுக்கச் சேறு, சரக்கு அங்கேயே அழுகியது. கோயம்பேட்டில் காய்கறி வியாபாரம் திரும்பவும் தொடங்கியது செப்டம்பர் 28, அதுவும் பெரிய கடைகளுக்கு மட்டும், சின்னக் கடைக்காரர்கள் அதற்கு மேலும் காத்திருந்தார்கள். அந்த மாதங்களில் வியாபாரத்தை விட்டே போனவர்களை எனக்குத் தெரியும்.

பருத்தித்துறை ஆள்

இலங்கையிலிருந்து எழுதுறன். உங்கட கோயம்பேடு மாதிரி எங்களுக்குப் பேலியகொட. கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற மத்திய மீன் சந்தை, 2020 ஒக்டோபரில அங்க கொத்தணி (ஒரே இடத்தில கனபேருக்குத் தொற்று) வந்து சந்தையைப் பூட்டினவங்கள். நாடு முழுக்க மீன் போறது அந்த ஒரு இடத்தாலதான், அதால தொற்றும் நாடு முழுக்கப் போச்சுது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. சந்தை பூட்டினதோட மட்டும் நிக்கேல்ல, சனம் மீன் சாப்பிடுறதையே விட்டிட்டுது. மீனால வரும் எண்டு ஒரு கதை. பூட்டாத ஊர்களிலயும் மீன் விலை விழுந்தது, கடலுக்குப் போன செலவுக்கே காசு வராது. நவம்பரில முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் மாநாட்டுக்கு ஒரு மீனைக் கொண்டு வந்து, பயப்படாதேங்கோ எண்டு சொல்லி பச்சையாக் கடிச்சுக் காட்டினவர். உலகம் முழுக்கச் சிரிச்சுது. எங்களுக்குச் சிரிப்பு வரேல்ல, ஏனெண்டா அந்த ஆள் சொன்ன பிரச்சினை உண்மை. ஆக, சந்தையைத் திறந்து விட்டாப் பிழைப்பு தானாத் திரும்பி வரும் எண்டு உங்கட சங்கத்தில ஆராவது சொன்னால் பேலியகொடையைச் சொல்லுங்கோ. வாங்க வாற சனத்துக்குப் பயம் போகவேணும், அதுக்குச் சந்தையில நோய் இல்லை எண்டு காட்டவேணும்.

நிவாரணம் பற்றி: அந்த வருசம் ஏப்ரலிலும் மேயிலும் 5000 ரூபா கொடுத்தவை, கிராம சேவகர், சமுர்த்தி (ஏழைகளுக்கான அரசாங்க உதவித் திட்டம்) அலுவலர் மூலமா. பட்டியலில பேர் விடுபட்ட சண்டை ஒவ்வொரு கிராமத்திலயும் நடந்தது. வாங்கின ஆக்களுக்கு அரிசி, மா, பருப்புக்குச் சரியாய்ப் போச்சுது.

பொருளியல் வாத்தியார்

பருத்தித்துறைக்காரர் சொன்னதற்கு வெளிநாட்டு ஆதாரமே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கூல்ஸ்பீயும் சைவர்சனும் 2020இல் கைப்பேசித் தரவை வைத்து, அமெரிக்காவில் மாநில, மாவட்ட எல்லைகளின் இரண்டு பக்கமும் இருந்த கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைகளுக்கு வந்த கூட்டம் மொத்தம் 60 சதவீதம் குறைந்ததில், அரசு உத்தரவால் குறைந்தது 7 சதவீதப் புள்ளிதான், மிச்சம் மக்கள் தாங்களாகவே ஒதுங்கியது. டென்மார்க்கும் ஸ்வீடனும் இன்னொரு ஜோடி. டென்மார்க் மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. முதல் அலையில் மக்கள் செலவு டென்மார்க்கில் 29 சதவீதமும் ஸ்வீடனில் 25 சதவீதமும் விழுந்தது. திறந்து வைத்ததால் ஸ்வீடன் மிச்சம் பிடித்தது அந்த 4 சதவீதப் புள்ளிதான். அந்த வசந்த காலத்தில் மக்கள்தொகைக் கணக்கில் டென்மார்க்கைவிட அங்கே பல மடங்கு சாவு. பொருளாதாரத்தைக் கொன்றது ஊரடங்கு என்று ஒரே வரியில் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

சூளைமேடு காய்வண்டி

வாத்தியாரே, தாங்களாகவே ஒதுங்கினார்கள் என்பது மாசச் சம்பளமும் ஃபிரிட்ஜும் இருக்கிற ஊர்க் கணக்கு. இங்கே பயமாக இருந்தாலும் விடியற்காலை வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி பன்னிரண்டு மணிக்கு நாட்டையே நிறுத்தினார்கள், அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி முந்தைய வருடத்தைவிட 23.9 சதவீதம் விழுந்தது என்று அரசே முதலில் கணக்குச் சொன்னது. ஸ்வீடன் கதை இதற்குப் பொருந்துமா? இங்கே ஏராளமான ஜனம் அன்றாடம் உழைத்தால்தான் சாப்பாடு. பயத்தில் வீட்டில் இருப்பதே ஒரு வசதி, அது எங்களிடம் இல்லை.

பொருளியல் வாத்தியார்

பொருந்தாத இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. இந்தியாவில் உத்தரவின் பங்கு அமெரிக்காவைவிட நிச்சயம் பெரியது, ரயிலே ஓடாதபோது யார் விருப்பப்பட்டு என்ன செய்ய முடியும்? ஆனால் வாங்குகிறவர் பக்கம் பாருங்கள். உங்களிடம் காய் வாங்குகிற வீடுகள் மாசச் சம்பள வீடுகள்தானே? அவர்கள் ஓட்டலுக்குப் போவதையும் துணி எடுப்பதையும் கல்யாணத்தையும் நிறுத்தியது பயத்தால், அந்தச் செலவுதான் இன்னொருவரின் கூலி. நான் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றுதான்: மூடுவதாக இருந்தால் குறைந்த நாள், முன்கூட்டிச் சொல்லி, பணத்தோடு.

2021 மே மாதத்தையும் பாருங்கள். ரேஷன் அட்டைக்கு 4000 ரூபாய், இரண்டு தவணையாக, சுமார் 2.07 கோடி குடும்பங்களுக்கு. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கில் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் வண்டிகளில் காய்கறியைத் தெருவுக்கே கொண்டுவந்தன. போன தடவையைவிட நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாள், 22ஆம் தேதியும் 23ஆம் தேதியும், இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளும் திறந்திருக்கலாம் என்று விட்டார்கள். மறுபடியும் அதே நெரிசல். கடிதத்தில் எதையாவது தடித்த எழுத்தில் போடுவதென்றால், கடைசி நாள் கூட்டத்தைப் போடுங்கள்.

மண்டிக்கடை மகன்

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு நான் குறித்து வைத்திருப்பது, வண்டிக்காரர்களுக்கும் லோடுமேன்களுக்கும் முன்கூட்டியே பதிவு, தனிமையில் இருப்பவருக்கு நாள் கூலி, மழையிலும் நிற்கக்கூடிய மாற்று இடம் இப்போதே அடையாளம் காட்டுவது. அப்பா ஒன்று கேட்கிறார், ஹெச்.ஐ. ஐயாவுக்கு: சில்லறை வாங்குகிறவர்களை உள்ளே விடாமல், மொத்தக் கடைகளைப் பாதிப் பாதியாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்தால் மார்க்கெட்டை மூடாமலே ஓட்ட முடியுமா?

பழைய ஹெச்.ஐ.

ஓட்டலாம், ஆனால் நீங்கள் எண்ண வேண்டியது கடையை இல்லை, ஆளை. கடையைப் பாதியாக்கினாலும் அதே லோடுமேன் இன்றைக்கு இந்தக் கடையிலும் நாளைக்கு அந்தக் கடையிலும் தூக்கினால் ஒரு பலனும் இல்லை. லோடுமேன்களைக் குழுவாகப் பிரியுங்கள், இந்தக் குழு இந்த வரிசைக் கடைகளுக்கு மட்டும், தூங்குவதும் சாப்பிடுவதும் அந்தக் குழுவுக்குள்ளேயே. லாரி டிரைவர் இறங்கிக் குளிக்கவும் சாப்பிடவும் தனி இடம். தினம் ஒரு குழுவுக்குப் பரிசோதனை. ஒரு குழுவில் ஒருவருக்கு வந்தால் அந்த வரிசை மட்டும் மூடும், மார்க்கெட் மூடாது. கிராமத்தில் ஆட்களைத் தேடி அலைந்தபோதெல்லாம், யார் யாரோடு வேலை செய்தார் என்று ஒரு தாள் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம் என்று தோன்றும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை உங்கள் சங்கம்தான் முதலில் பேசி முடிக்க வேண்டும். குழு பிரித்தால் ஒரு லோடுமேனுக்குக் கிடைக்கும் மூட்டை குறையும், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நாள் கூலியாக மாற்ற மண்டிக்காரர்கள் தயாரா, அதில் நகராட்சி எவ்வளவு போடும்? அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.