கொனெஸ்டோகா இழுவைக் கப்பலும் அதில் போன 56 பேரும்

வல்வைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கொனெஸ்டோகா என்ற அமெரிக்கக் கடற்படை இழுவைக் கப்பலைப் பற்றி யாராவது விரிவாக வாசித்திருக்கிறீர்களா? 1921 மார்ச் 25 அன்று சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து ஹவாய் வழியாக சமோவாவுக்கு என்று வெளிக்கிட்டு 56 பேரோடு காணாமல் போய், 2016 இல்தான் கிடந்த இடத்தை அறிவித்தார்கள். வெளிக்கிட்ட கரைக்குக் கிட்டக் கிடந்ததை 95 வருடம் எப்படித் தவறவிட்டார்கள்? உடலும் இல்லை, இறந்த நாளும் தெரியாது என்றால் அந்த வீட்டுச் சனம் எதை வைத்து நினைவுகூர்ந்திருக்கும்? கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறபடியால் கேட்கிறேன்.

கடலோடி:
தம்பி, தேடினார்கள், தேடிய இடம்தான் பிழை. போய்ச் சேரவில்லை என்றதும் ஹவாயைச் சுற்றித் தேடினார்கள். பிறகு மே மாதம் மெக்சிகோவுக்கு மேற்கே ஒரு நீராவிக் கப்பல் உயிர்காப்புப் படகு ஒன்றைக் கண்டது, முகப்பில் ஆங்கில 'சி' என்ற ஒற்றை எழுத்து, கொனெஸ்டோகா என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்து அதுதான், உடனே தேடல் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஜூன் 30 அன்று எல்லோரும் போய்விட்டதாக அறிவித்தார்கள். கப்பலோ சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே ஃபரலோன் தீவிலிருந்து சுமார் 3 மைலில், 189 அடி ஆழத்தில் கிடந்தது. 2009 இல் ஒலியலையால் கடலடியைப் பார்க்கும் சோனார் கருவியில் தென்பட்டது, யாருடைய கப்பல் என்று அப்போது தெரியாது. பிறகு கமரா இறக்கிப் பார்த்து, மேல்தட்டில் இருந்த 3 அங்குலப் பீரங்கியை வைத்து அடையாளம் கண்டார்கள்.

அன்று காற்றும் அலையும் கடுமை. இழுத்துக்கொண்டு போன பார்ஜ் என்கிற தட்டைச் சரக்குப் படகு அறுந்துவிட்டதாகத் தெளிவில்லாத வயர்லெஸ் செய்தி ஒன்று வேறு கப்பல் மூலம் வந்ததாம். தீவின் ஒதுக்குக்குள் போகப் பார்த்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கப்பல் தாங்காது என்று கண்டால் கப்பலை நடத்துகிற எந்தத் தண்டையலும் அதைத்தான் செய்வான்.

நிலா:
அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்ல முடியும். அப்பப்பாவின் தகப்பன் பாய்க்கப்பலில் போய் வரவில்லை. தர்ப்பையால் உருவம் செய்து கிரியை முடித்தார்களாம். திதி தெரியாததால் அப்பப்பாவுக்கு ஆடி அமாவாசைதான் எல்லாம், கீரிமலையில் தீர்த்தமாடிவிட்டு வந்து விரதச் சமையலில் காத்தோட்டிக்காய் இல்லை என்றால் சாப்பிட மாட்டார், அது கிடைக்கும் வரை சந்தை சந்தையாக அலைவார். கொனெஸ்டோகாவில் போனவர்களின் மனைவிமாருக்கு அப்படி ஒரு நாள்கூட இருந்திருக்காதே என்று நினைக்கப் பாவமாக இருக்கிறது. 2016 இல் அறிவித்தபோது பேரப்பிள்ளைகள் தலைமுறைதான் மிச்சம்.

தீவான்:
அவர்களிடம் 56 பேருடைய பெயர்ப்பட்டியலாவது இருக்கிறது. இங்கே கப்பலின் பெயர் தெரியும், தண்டையல் பெயர் தெரியும், சமைக்கப் போன பெடியனின் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய குறை. வல்வைக்காரன், 1964 டிசம்பர் புயலில் போனவர்களிலிருந்து தொடங்குவோமா? அந்த நேரத்து ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதலாம். ஞாயிறு காலை என்றால் நானும் வருவேன்.

வல்வைக்காரன்:
வாருங்கள் அண்ணை. ஆட்களிடம் முதலில் நான் பேசி வைக்கிறேன். கப்பலில் என்ன வேலை பார்த்தார், எந்த ஊர் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.