அப்பிச்சி வீடு குழு: கார்த்திக்கு 90-ஆ, 90-க்கு மேலா?

வியாழன், காலை 6:40

அம்மா: கார்த்தியைத் தேங்காய்க் களத்துத் தராசில் நிற்க வைத்துப் பார்த்தேன். 91.4 காட்டுகிறது. லுங்கியோடு. சனிக்கிழமை காலை திருச்சூரில் குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்ப்பார்கள். கோச் 90 கிலோ வகுப்பு வேண்டாம், 90-க்கு மேல் வகுப்பிலேயே பெயர் கொடுக்கலாம் என்கிறார். இன்று மதியத்துக்குள் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பொள்ளாச்சி சித்தி: அக்கா, நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து. ஞாபகம் இருக்கிறதா?

அம்மா: மறப்பேனா அம்மிணி. காலையில் முதல் ஆளாக வந்துவிடுவோம்.

பெரிய மாமா: மேல் வகுப்பிலேயே போகட்டும். பெரிய ஆள்தான் ஜெயிப்பான். காளைகளைப் பார்த்தால் தெரியாதா.

அப்பா (ஷார்ஜா): எது நல்லதோ செய்யுங்கள்

பிரியா: அப்பா, அவன் ஐந்தடி பதினொன்று. அந்த வகுப்பில் 110 கிலோ பையன்கள் வருவார்கள்.

நான் (கார்த்தி): ஆள் குறைவு பிரியா அக்கா. நான்கு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு சண்டை ஜெயித்தால் மெடல். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அது போதும்.

அம்மா: அதைத்தான் கோச்சும் சொல்கிறார்.

சின்ன மாமா: அக்கா, பெயர் கொடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரிய ஆள்தான் ஜெயிப்பான் என்று அண்ணன் சொல்வது பாதி சரி. 2024-இல் ரியாத்தில் உசிக், டைசன் ஃபியூரி என்ற இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்களின் சண்டையை நானும் கார்த்தியும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தோம். ஃபியூரி 206 செ.மீ. உயரம், 119 கிலோ. உசிக் 191 செ.மீ., எடையில் ஏறக்குறைய 18 கிலோ குறைவு. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து தள்ளாடினார், நடுவர் எண்ண வேண்டியதாயிற்று. டிசம்பரில் மறுபடி மோதினார்கள். ஃபியூரி இன்னும் எடை கூட்டி 127 கிலோவில் வந்தார். மூன்று நீதிபதிகளும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். கூட்டிய எடை உதவவில்லை.

பெரிய மாமா: அப்புறம் என்ன, சின்ன ஆள் ஜெயிக்கிறான் அல்லவா. அப்போது கார்த்தியும் ஜெயிப்பான்.

சின்ன மாமா: அங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள் அண்ணா. உசிக் சின்ன ஆள் இல்லை. ஃபியூரி பக்கத்தில் நின்றால்தான் சின்ன ஆள். நம் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்கும்.

பொள்ளாச்சி சித்தி: அந்த நிலைப்படியில் நம் எல்லோர் தலையும் இடித்திருக்கிறது

அம்மா: அப்பிச்சி மட்டும் குனியாமல் போவார்

பிரியா: 🙂

சின்ன மாமா: இன்னும் முக்கியமானது ஒன்று. அந்தச் சண்டைகள் 12 ரவுண்டு. பெரிய உடம்புக்காரன் முதல் ஐந்து ரவுண்டு பெரிய ஆளாகவே இருப்பான். சிறியவன் அவன் முன் காலுக்கு வெளியே வெளியே நகர்ந்து, அவனைத் திரும்பத் திரும்ப உடம்பைத் திருப்ப வைத்து, மூச்சை வாங்க வைப்பான். அதற்கு நேரம் வேண்டும். கார்த்திக்கு இருப்பது மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். மொத்தம் ஒன்பது நிமிடம். 110 கிலோ பையன் களைப்பதற்குள் மணி அடித்துவிடும். டிவியில் நாம் பார்ப்பது வேறு, இவன் ஏறப்போகும் ரிங் வேறு.

நான்: மாமா, ஆண்டி ரூயிஸ்? தொப்பையோடு வந்து ஹெவிவெயிட் சாம்பியன் ஜோஷுவாவை நான்கு தடவை விழ வைத்தாரே. ஜோஷுவா 198 செ.மீ.

சின்ன மாமா: 2019 ஜூன், நியூயார்க். சரிதான். ஆனால் எடையைப் பார் கண்ணு. அன்று ரூயிஸ் 121 கிலோ, ஜோஷுவா 112. உயரத்தில்தான் குட்டை, எடையில் அவர்தான் கனம். அதே டிசம்பரில் மறுபடி மோதியபோது ரூயிஸ் 128-க்கு ஏறினார், ஜோஷுவா 108-க்கு இறங்கினார். இறங்கியவர் ஜெயித்தார். எடை எவ்வளவு என்பதைவிட அந்த எடையில் கால் ஓடுகிறதா என்பதுதான் கணக்கு. உனக்கு 88-இல் கால் ஓடும். போன மாதம் மொட்டை மாடியில் நீ கயிறு தாண்டியதைப் பார்த்தேன், குதிகால் தரையில் படவே இல்லை. 91-இல் சத்தம் கேட்கிறது.

அம்மா: சத்தம் எனக்கும் கேட்டது. கீழே சாமி படம் ஆடுகிறது.

பெரிய மாமா: 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது அப்பா அந்தப் பேப்பரை வெட்டி வைத்திருந்தார். அலியும் பெரிய ஆள்தான். அந்தப் பேப்பர் பாகம் பிரித்த பிறகு கண்ணிலேயே படவில்லை.

சின்ன மாமா: என்னிடம் இல்லை அண்ணா. இரும்புப் பெட்டி உங்கள் பங்கில்தான் வந்தது.

பெரிய மாமா: பெட்டி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பொள்ளாச்சி சித்தி: இரண்டு பேரும் நிறுத்துங்கள். நாளைக்குப் பாப்பாவை யார் மடியில் உட்கார வைப்பது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெரிய மாமா: மூத்தவன் நான் இருக்கிறேன்.

சின்ன மாமா: அண்ணன் மடியிலேயே உட்காரட்டும். நான் சாயங்காலமே கார்த்தியோடு கிளம்ப வேண்டும்.

பொள்ளாச்சி சித்தி: காலையில் வருவாய்தானே

சின்ன மாமா: வருவேன்

பெரிய மாமா: ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறாவுக்கு வந்துவிட்டதா? யாராவது பார்த்தீர்களா?

அப்பா (ஷார்ஜா): என்னைக் கேட்டால் எப்படி மச்சான் 😄

பிரியா: கார்த்தி, 90-க்குப் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். தண்ணீரை நிறுத்தாதே. போன வருடம் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடி, எடை பார்க்கும் இடத்தில் கண் இருட்டி உட்கார்ந்தாய். உப்பைக் குறை, ராத்திரி சோற்றைக் குறை. ஒன்றரை கிலோ இரண்டு நாளில் அதிலேயே இறங்கும். லுங்கியே அரைக் கிலோ இருக்கும்.

நான்: சரி அக்கா. ஆனால் மெடல்?

சின்ன மாமா: லண்டன் 2012 ஒலிம்பிக்கில் உசிக்கும் ஜோஷுவாவும் இரண்டு பேருமே தங்கம் வாங்கினார்கள். உசிக் 91 கிலோ வகுப்பில். ஜோஷுவா அதற்கு மேல் வகுப்பில். உசிக் அவசரப்படவில்லை. தொழில்முறைக்குப் போன பிறகும் ஹெவிவெயிட்டுக்குக் கீழ் வகுப்பான க்ரூசர்வெயிட்டில் நான்கு பட்டத்தையும் வாங்கி, 2019-இல்தான் ஹெவிவெயிட்டுக்கு வந்தார். 2021-இல் லண்டனிலேயே ஜோஷுவாவை வென்றார். உனக்கு வயது 19 கண்ணு. மேல் வகுப்பு எங்கேயும் போகாது. இந்த வருடம் ஒரு மெடலுக்காக 110 கிலோ கையில் தலையைக் கொடுக்க வேண்டாம். தலையில் வாங்கும் அடியை எந்தக் கோட்டாவும் திருப்பித் தராது.

அம்மா: இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை தம்பி.

பெரிய மாமா: அப்போது அளவுதான் முக்கியம் என்று நீயும் ஒத்துக்கொள்கிறாய்.

சின்ன மாமா: ஒன்பது நிமிடத்தில் முக்கியம். ஆமாம் அண்ணா.

பெரிய மாமா: முதலில் நான் அதைத்தானே சொன்னேன்.

பொள்ளாச்சி சித்தி: அண்ணா, உன்னைக் கபடிக்கு அனுப்பாமல் அப்பா தோட்டத்துக்கு அனுப்பினார். நீ சின்னவனையும் அனுப்பவிடாமல் செய்தாய். இப்போது கார்த்தியாவது போகிறானே என்று சந்தோஷப்படு.

பெரிய மாமா: சந்தோஷம் இல்லை என்று யார் சொன்னது. திருச்சூருக்குக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் போட்டுவிடு.

சின்ன மாமா: சரி அண்ணா.

காலை 11:20

அம்மா: கோச்சிடம் 90 என்று சொன்னேன். அவருக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. மதியம் மறுபடி கூப்பிடச் சொன்னார்.

நான்: நான் பேசட்டுமா அம்மா?

அம்மா: மாமா பேசட்டும்.

அப்பா (ஷார்ஜா): 90 👍

பெரிய மாமா: கார் சாவி என்னிடம் இல்லை. வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு டிரைவர் போயிருக்கிறான்.

சின்ன மாமா: எப்போது வருவான் அண்ணா?

பிரியா: (குரல் பதிவு, 0:48) அம்மாயி பேசுகிறாள். கேளுங்கள்.

பொள்ளாச்சி சித்தி: கேட்டேன். ஒப்பிட்டுக்கு (போளிக்கு) இன்றே பருப்பு வேக வைத்துவிட்டாளாம். கார்த்தி நாளைக்குச் சாப்பிடாமல் போனால் அம்மாயிக்கு முகம் வாடிவிடும்.

நான்: ஒன்றே ஒன்று சாப்பிடுகிறேன் சித்தி

பிரியா: வேண்டாம்

சின்ன மாமா: நான்கு ஒப்பிட்டை வாழை இலையில் சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். காரில் முன்சீட்டில் வைக்கிறேன். சனிக்கிழமை தராசை விட்டு இறங்கியதும் அவன் கையில் கொடுக்கிறேன்.

பெரிய மாமா: ஆறாக வை. நெய் தனியாக.