ஆதாரம் கையில் இருந்தும் நழுவிப்போன அந்த நிமிடம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய ரைட்டர்

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக எத்தனையோ வழக்குகளுக்கு மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றிய விவரக் குறிப்பு, எழுதியிருக்கிறேன், ஒரு ஃபோன் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

2019. கல்லூரிப் பெண் ஒருத்தியின் படத்தை மார்ஃபிங் செய்து பணம் கேட்டு மிரட்டிய ஆளை அவன் வீட்டிலேயே பிடித்தோம். ஐஃபோன். பிடித்தபோது திறந்தே இருந்தது. கேலரியில் அந்தப் படங்கள் இருந்ததை ஆய்வாளரும் நானும் கண்ணால் பார்த்தோம். சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து, மாடல், நிறம், கீறல் என்று எல்லாம் ஒழுங்காக எழுதினேன். பழுப்புக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ஏரோப்ளேன் மோட் போடவில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

ஸ்டேஷனில் உட்கார்ந்து, கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95 எழுதிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் இருந்த கவருக்குள் வெளிச்சம் வந்தது. ஏதோ கால் வருகிறது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் திரை. முதலில் 'ஹலோ' என்று வந்தது. அப்புறம் இந்தியில் 'நமஸ்தே'. அப்புறம் எனக்குத் தெரியாத ஏதோ எழுத்து. கடையில் புதிதாக வாங்கிப் பிரித்த ஃபோன் மாதிரி என் கையில் இருந்தது.

அவனுடைய கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்த யாரோ வேறு இடத்திலிருந்து அழித்துவிட்டார்கள். தடய அறிவியல் துறைக்கு அனுப்பினோம். தரவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஸார், நீங்க பாத்தீங்கள்ல?"

பார்த்தேன். கூண்டிலும் அதையே சொன்னேன்.

கேமராக் கடை, திண்டுக்கல்

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் பொருத்திய கேமராதான். மளிகைக் கடை வாசல். ஏடிஎம்மில் கார்டை மாற்றிக் கொடுத்து ஒரு பெரியவரின் பணத்தை எடுத்த ஆள் அந்தக் கடை முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறான். முகமும் நம்பர் பிளேட்டும் தெளிவாக விழுந்திருந்தன. போலீஸ்காரர் அவசரமாக வந்தார், பென் டிரைவ் இல்லை. "தம்பி, மானிட்டரில் ஓடவிட்டு ஃபோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, அப்புறம் முறைப்படி வாங்கிக்கலாம்" என்றார். எடுத்தேன், அனுப்பினேன். அப்புறம் யாரும் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. கேமராப் பதிவைச் சேமிக்கிற அந்த டிவிஆர் பெட்டியில் ஒரு டிபி ஹார்டு டிஸ்க்தான் போட்டிருந்தேன். நான்கு கேமராவுக்குப் பதினைந்து நாள் தாங்கும், பிறகு பழையதன்மேல் புதியது எழுதிவிடும்.

ஒரு வருடம் கழித்துக் கோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டார்கள். மானிட்டர் கண்ணாடியில் சுற்றுகிற ஃபேன் தெரிகிறது. அதற்குக் கீழே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் முகம் தெரிகிறது. திருடன் முகத்தைவிட என் முகம்தான் தெளிவாக இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "திரையில் 11:52 என்று இருக்கிறதே, பணம் எடுத்தது 11:15 தானே?" டிவிஆரின் கடிகாரம் முன்னால் ஓடியிருக்கிறது. அதை நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெரியவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மதுரை வக்கீல்

திண்டுக்கல் தம்பி தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறார். பெரிய தவறு விசாரித்தவருடையது. மூலப் பதிவு எங்கே என்று ஒரு வருடம் கேட்காமல் இருந்தது அவர்தான். ஆனால் இங்கே பலருக்கும் சட்டம் சரியாகத் தெரியவில்லை என்று தோன்றுவதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் வைக்க வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 65பி. 2014 அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அது கேரளத் தேர்தல் வழக்கு. பிரசாரப் பேச்சையும் பாட்டையும் சிடியில் போட்டுக் கொண்டுவந்தார்கள், சான்றிதழ் இல்லை, சிடியை ஏற்கவில்லை. 2018இல் இன்னொரு தீர்ப்பு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தளர்வை நீக்கிவிட்டு, சான்றிதழ் கட்டாயம் என்றது. அதே தீர்ப்பில் இரண்டு நல்ல விஷயங்களும் உண்டு, பலர் அதைப் படிப்பதில்லை. மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கோர்ட்டில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. கருவி வேறு யாரிடமாவது இருந்து, கேட்டும் சான்றிதழ் தர மறுத்தால், நீதிபதியிடம் மனு போட்டு உத்தரவு வாங்கலாம்.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறைக்கு வந்தது. 65பி போய்ப் பிரிவு 63 வந்துவிட்டது. சான்றிதழ் படிவத்தில் இப்போது இரண்டு பகுதி. அ பகுதியைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், ஆ பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். ஹாஷ் என்றால் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் முழு எண்ணும் மாறிவிடும். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 105 சொல்கிறது. ரைட்டர் ஐயா காலத்தில் அது இருந்திருந்தால், திறந்த ஃபோனில் அந்தப் படங்கள் இருந்ததாவது பதிவாகியிருக்கும்.

எனவே கடைக்காரர்களுக்குச் சொல்கிறேன். போலீஸ் கேட்டால் ஹார்டு டிஸ்கையே எழுத்து மூலம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். டிவிஆர் நேரத்தையும் உங்கள் ஃபோன் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். ஃபோனைக் கைப்பற்றினால் உடனே சுவிட்ச் ஆஃப் செய்துவிடுவது நல்லது.

என் அனுபவம் என்றால், என்னிடம் வழக்குக் கொடுத்த ஒரு கட்சிக்காரர். அண்ணன் மிரட்டிய குரல் பதிவு அவருடைய ஃபோனில் இருந்தது. எனக்கு அனுப்பினார், பத்திரமாக வைத்தேன். சாட்சி சொல்லும் வாரம் "மூல ஃபோனை எடுத்துட்டு வாங்க" என்றேன். "அதைத் தீபாவளி எக்ஸ்சேஞ்சில் போட்டுட்டேனே ஸார்" என்றார். அவருக்கு முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பனியன் ஊர்

வக்கீல் ஸார் சொல்வது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் பணம் போனவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 63ஆம் பிரிவு உதவாது. முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க அது உதவும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நான் திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்குகிற பையர் வெளிநாட்டில். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று எங்கள் பெயரில் அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. அவரும் போட்டுவிட்டார். மூன்று மாத உழைப்பு. மெயில் முகவரியைப் பத்து தடவை பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதலாளியின் மகள்தான் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தான். சின்ன எழுத்தில் பார்த்தால் எம் போலவே இருக்கும்.

எங்கள் பழைய மெயில் எல்லாவற்றையும் அவன் படித்திருக்கிறான். இன்வாய்ஸ் நம்பர் சரி, கப்பல் தேதி சரி. அப்படியென்றால் எங்கள் சிஸ்டத்திலோ மெயில் கணக்கிலோ நுழைந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே சிஸ்டம் பார்க்கிற பையன் வந்தான். நல்ல பையன், உதவத்தான் வந்தான். "வைரஸ் இருக்கும்க்கா, சுத்தமா போட்டுர்றேன்" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரையில் சதவீதம் ஓடியது. 64 என்று இருந்தபோது போலீஸிடமிருந்து ஃபோன் வந்தது: "அந்த கம்ப்யூட்டரை யாரும் தொட வேண்டாம், நாளைக் காலை வர்றோம்." நான் அந்த 64ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினாலும் போனது வராது என்று அவன் சொன்னான்.

இன்னொன்று. பையர் எங்களுக்குக் காட்டிய போலி மெயிலை நான் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தேன். ஆய்வாளர் அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: தாளில் வருவது மெயிலின் முகம்தான், அது எந்த சர்வர் வழியாக வந்தது என்பது ஹெடரில் இருக்கிறது. ஃபார்வர்டு செய்தாலும் அந்த ஹெடர் வராது. ஜிமெயில் என்றால் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போய் அப்படியே இறக்க வேண்டும். பையரிடம் கேட்டோம். கோபத்தில் அழித்துவிட்டாராம், குப்பையிலிருந்தும்.

ரிச்சி தெரு

வக்கீல் ஸாருக்கு ஒரு திருத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஃபோனை உடனே சுவிட்ச் ஆஃப் செய்யச் சொல்வது பழைய யோசனை. இன்றைய ஃபோனை அணைத்துப் போட்டால், மறுபடி கோட் போடும்வரை உள்ளே இருப்பதில் பெரும்பாலானவை பூட்டியே இருக்கும். திறந்து கையில் கிடைத்த ஃபோனை நீங்களே பூட்டிக் கொடுப்பது மாதிரி. ஆன் நிலையிலேயே நெட்வொர்க்கைத் துண்டிக்க வேண்டும். ஏரோப்ளேன் மோட் போட்டாலும் வைஃபை, புளூடூத் இரண்டும் அணைந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும், சில ஃபோனில் வைஃபை அப்படியே நிற்கும். சிம்மை மட்டும் கழற்றினால் போதாது. ஃபாரடே பை என்று சிக்னல் புகாத பை இருக்கிறது. அது இல்லாத ஊரில் சமையலறை அலுமினியத் தாளைப் பல மடிப்பாகச் சுற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. உள்ளே ஃபோன் சிக்னல் தேடித் தேடிச் சார்ஜை இழக்கும், அதனால் பவர் பேங்கையும் சேர்த்தே சுற்ற வேண்டும், இல்லையென்றால் வழியிலேயே அணைந்துவிடும்.

நான் டேட்டா ரெகவரி செய்கிறேன். ஒரு நிறுவனத்தில் டிசைன் ஃபைல்களைத் திருடிக்கொண்டு வெளியேறிய ஊழியரின் பென் டிரைவ். அந்த நிறுவனத்து ஆட்கள் முதலில் என்னிடம் கொண்டுவந்தார்கள், "உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று. எனக்கு அப்போது அனுபவம் குறைவு. டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கிற ரைட் பிளாக்கர் கருவியைப் போடாமல் நேரடியாக விண்டோஸில் சொருகினேன். மூன்று ஃபைலை இரண்டு தடவை கிளிக் செய்து திறந்தேன். பார்த்தேன், இருக்கிறது என்றேன், சந்தோஷமாகப் போனார்கள்.

சொருகிய உடனே விண்டோஸ் அதில் ஒரு ஃபோல்டரைத் தானாக உண்டாக்கும், 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்று. மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பின்னால் லேப் அறிக்கையில் அந்த ஃபோல்டரின் தேதியும் நேரமும் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு என்னைக் கேட்டார்: "அந்த நேரத்தில் இந்த டிரைவ் யார் கையில் இருந்தது?" என் கையில். "எழுதக்கூடிய நிலையில் இருந்ததா?" இருந்தது. "ஒரு ஃபோல்டர் எழுதப்பட்டிருக்கிறது, மூன்று ஃபைல் எழுதப்படவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

எனக்குத் தெரியும், நான் எழுதவில்லை. ஆனால் கொண்டுவந்த அன்றே டிரைவ் முழுவதையும் அப்படியே ஒரு இமேஜாக நகல் எடுத்து ஹாஷ் போட்டு வைத்திருந்தால் அதைக் காட்டியிருப்பேன். அது இல்லாமல் என் வாய்ச்சொல் மட்டும் எதற்கு ஆகும்?

மதுரை வக்கீல்

ரிச்சி தெரு தம்பி சொன்னது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். சுவிட்ச் ஆஃப் விஷயத்தில் நான் பழையதைச் சொல்லிவிட்டேன். ஆனால் திருப்பூர் அம்மாவுக்கு: 1930க்குப் பேசுவதும் ஆதாரத்தைக் காப்பதும் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் ஃபோனில் பேசும்போதே இன்னொருவர் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் யாரையும் விடாமல் நிற்கலாம்.

கும்பகோணத்து மகள்

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. அப்பாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். போலீஸ் போல நடித்து, டிஜிட்டல் அரெஸ்ட் என்று சொல்லி ஒரு பகல் முழுக்க வீடியோ காலில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்டிருக்கிறார். பணம் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது இரவு. ஃபோனை வாங்கிப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் ஒன்றும் இல்லை. அவர்கள் அனுப்பிய போலி வாரண்ட், நம்பர், கணக்கு விவரம் எல்லாவற்றையும் அவரே ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார்.

ஏன்பா என்றேன். "பேரன் பாத்துடுவான்னு" என்றார்.

வங்கி ஸ்டேட்மெண்ட் இருந்ததால் புகார் கொடுக்க முடிந்தது, ஒரு பகுதிப் பணம் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த நம்பர் வேண்டும் என்று கேட்டபோது அப்பா நினைவிலிருந்து சொல்லப் பார்த்தார். கணக்கு வாத்தியார். கடைசி இரண்டு எண் வரவில்லை. அதற்காகத்தான் அன்று அழுதார், பணத்துக்கு அழவில்லை.

பழைய ரைட்டர்

அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள், நம்பர் ஃபோன் பில்லிலோ கால் பட்டியலிலோ இல்லாவிட்டாலும், விசாரணை அதிகாரி எழுத்து மூலம் கேட்டால் சில விவரங்கள் வாட்ஸ்அப் நிறுவனத்திடம் இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் கேட்கச் சொல்லி மனு கொடுங்கள். நான் என் வழக்கில் அதைக் கேட்கவில்லை. கிளவுடில் பேக்கப் இருந்திருக்கலாம். ஃபோன் போனதோடு எல்லாம் போனது என்று நினைத்துவிட்டோம்.

தீர்ப்பு என்ன ஆனது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். விடுதலை. நாங்கள் பார்த்ததாகச் சொன்னதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று எழுதினார்கள்.

ரிச்சி தெரு தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மருமகளின் ஐஃபோனை வாங்கினேன். திரையை மேலிருந்து இழுத்து ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துப் பார்த்தேன். எண்ணிக்கொண்டே செய்தேன். ஐந்து விநாடி ஆயிற்று.