தெருநாய்கள் புல்தரையைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் தனி வீட்டில் குடியிருக்கிறோம். வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே 20-க்கு 12 அடி இடம் இருக்கிறது. தை மாதத்தில் அங்கே செம்மண் கொட்டிச் சமன் செய்து மெக்சிகன் புல் பதித்தோம். 76 வயதாகும் என் தாயார் காலையில் அதில் வெறுங்காலோடு நடப்பார். மாலையில் என் பேத்தி அதில்தான் விளையாடுவாள். அந்த இரண்டுக்காகவே போட்ட புல் அது.

சித்திரை பிறந்ததிலிருந்து இரண்டு தெருநாய்கள் கேட்டின் கம்பி இடைவெளியில் நுழைந்து வருகின்றன. ஒன்று காது நுனி வெட்டப்பட்ட செவலை நிற ஆண், மற்றொன்று கறுப்புப் பெட்டை. உள்ளங்கை அகலத்தில் ஏழு இடங்களில் புல் வைக்கோல் நிறமாகக் கருகிவிட்டது. ஆனால் அந்த வட்டங்களின் விளிம்பில் மட்டும் மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாக வளர்ந்திருக்கிறது. இரண்டு மூலைகளில் அரை அடி ஆழத்துக்குப் பறித்தும் போட்டிருக்கின்றன. நீலம் கலந்த தண்ணீர் பாட்டில்களை மூன்று வாரம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மதியம் வந்து பார்த்தால், அந்தச் செவலை நாய் ஒரு பாட்டிலின் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தது.

அந்துருண்டையும் ஃபினாயிலும் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாநகராட்சிக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார் இன்னொருவர். எதிர்வீட்டு அம்மா தினமும் இரவில் எங்கள் சுவரோரமாகத்தான் அவற்றுக்குச் சோறு வைக்கிறார்; அவருடைய மனம் புண்படவும் கூடாது, நாய்களுக்குத் தீங்கும் நேரக் கூடாது. பங்குனியில் தோட்டக்காரர் ஏதோ புண்ணாக்குத் தூளும் எலும்புத் தூளும் தூவினார், மற்றபடி வேறு எதுவும் போடவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் தோட்டக்காரி:

வணக்கம் ஐயா. முதலில் அந்தப் புண்ணாக்கு எது என்று தோட்டக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள். வேப்பம் புண்ணாக்கு என்றால் பயமில்லை. ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் மேலாக இருப்பதைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள், ஏனென்றால் அதில் ரிசின் என்னும் கடும் நஞ்சு எஞ்சியிருக்கக்கூடும். அதன் வாசனைக்கு நாய்கள் தேடி வந்து தின்று, வாந்தியும் இரத்தபேதியும் கண்டு செத்துப்போவது உண்டு. கையை வாயில் வைக்கும் வயதில் பேத்தி இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எலும்புத் தூளும் நாயைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற சரக்குதான்: மண்ணுக்கடியில் எலும்பு இருக்கிறது என்று மூக்கு சொல்லும்போது எந்த நாயும் பறிக்காமல் இருக்காது. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்கிற மீன் அமிலத்துக்கும் இதே குணம் உண்டு. இனி நன்கு மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் மட்டும் போடுங்கள்.

கருகிய வட்டங்களுக்குக் காரணம் சிறுநீரில் உள்ள யூரியாவும் உப்பும். நடுவில் அளவுக்கு மீறி விழுவதால் வேர் வெந்துவிடுகிறது. ஓரத்துக்கு நீர்த்துப்போய்ச் சேரும் யூரியா அங்கே உரமாகிவிடுகிறது, நீங்கள் பார்த்த கரும்பச்சை விளிம்பு அதுதான். பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் கழிப்பதால் வட்டங்கள் பெரும்பாலும் அதனுடையவையாக இருக்கும். ஆண் நாய் காலைத் தூக்கிக் கேட்டுத் தூணிலும் செடியிலும்தான் அடையாளம் வைக்கும். ஈரமாகப் பார்த்த இடத்தில் அன்றைக்கே அரைக் குடம் தண்ணீர் ஊற்றினால் புல் பிழைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள்; அதில் ஏற்கெனவே உப்பு மிகுதி. முழுக்கக் கருகியது திரும்பாது. மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணோடு வெட்டியெடுத்துவிட்டு, புதுச் செம்மண்ணும் மணலும் நிரப்பி, ஓரத்திலிருந்து ஒரு பிடி புல்லை வேரோடு பெயர்த்து நடுங்கள். மெக்சிகன் புல் மெதுவாகத்தான் படரும், ஆகையால் இடைவெளி விடாமல் நெருக்கி நடுவது நல்லது.

மூலையில் பறிப்பதற்குக் கத்திரி வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் மாலையில் தண்ணீர் விடுகிறவர் என்றால், அதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். உச்சி வேளைக்குள் மேல்மண் காய்ந்துவிட்டால், குளிர்ந்த மண்ணைத் தேடிப் பள்ளம் பறிக்கும் ஆசை அவற்றுக்குக் குறையும். அதோடு தெருவில் புங்க மரமோ வேப்ப மரமோ இருந்தால் அதன் நிழலில் ஒரு சிமென்ட் தொட்டியில் தண்ணீரும், பக்கத்தில் நாலு சட்டி மணலும் வையுங்கள். எங்கள் தெருவில் மூன்று நாய்கள் அங்கேயே படுக்கையை மாற்றிக்கொண்டன.

இவை எல்லாம் செய்தாலும் கேட்டை அடைக்காமல் முடியாது. கேட்டின் உட்புறம் நாலு அடி உயரத்துக்கு, இரண்டு அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ் வலையைக் கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கேட்டுக்கு அடியில் சந்து இருந்தால் கடப்பா கல்லைப் பதித்து உயர்த்திவிடுங்கள். மண்ணாக விட்டால் அதைத் தோண்டிக்கொண்டு வரும். நாய்க்கு நீல நிறம் நன்றாகவே தெரியும், அதைக் கண்டு அஞ்ச அதற்குக் காரணம் எதுவும் இல்லை. அந்துருண்டையை ஒரு நாய் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து, ஃபினாயில் பாதத்தையும் நாக்கையும் புண்ணாக்கும். மிளகாய்ப் பொடியும் வேண்டாம், உங்கள் தாயார் வெறுங்காலோடு நடக்கிற இடம் அது.

வேளச்சேரி தன்னார்வலர்:

காது நுனி வெட்டப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கருத்தடை செய்யப்பட்டதற்கான அடையாளம். கறுப்பு நாயின் காதையும் பாருங்கள். வெட்டு இல்லையென்றால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் கருத்தடைக்காக என்று குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். இப்போது விட்டால் அடுத்த ஈற்றில் ஆறேழு குட்டிகள் உங்கள் கேட்டு வாசலுக்கு வந்துவிடும்.

பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விட்டுவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு சரியல்ல. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி, அறுவைச் சிகிச்சையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு தெருவில் தீனி இருக்கும்வரை அந்தத் தெரு காலியாக இராது. பழகிய இரண்டு நாய்களை அகற்றினால் பழகாத நாலு நாய்கள், கருத்தடையும் ஊசியும் இல்லாதவை, அந்த இடத்துக்கு வரும். இந்தச் செவலை உங்கள் வீட்டாரைக் கண்டு குரைக்காமல் படுத்து உறங்குகிறது என்றால், அது உங்களுக்கு வாய்த்த நல்ல நாய் என்றே சொல்வேன். நஞ்சு வைக்கும் யோசனையை யாராவது சொன்னால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டு அம்மாவிடம் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசல் வழிகளுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்று அதே 2023 விதிகள் சொல்வதால், குடியிருப்போர் நலச் சங்கத்தாரையும் உடன்வைத்துப் பேசலாம். "அம்மா, நீங்கள் தெருமுனையில் வையுங்கள், தண்ணீர்த் தொட்டியை நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வைக்கும் நேரம் ஒன்றாகவும், மீதமாகும் சோற்றை எடுத்துவிடுவதாகவும் இருந்தால் எலியும் குறையும். ஒரு வாரம் வரை நாய்கள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அதற்குள் மனம் தளர வேண்டாம்.

ஓய்வு பெற்ற செவிலியர்:

தாயாரைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். எலிகளின் சிறுநீரிலிருந்தும் நாய்களின் சிறுநீரிலிருந்தும் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி ஈர மண்ணுக்கு வரும். காலில் வெடிப்போ சிராய்ப்போ இருந்தால் அதன் வழியே உடம்பில் ஏறும். புல்தரை சரியாகும் வரையிலும், மழைக்காலம் முழுவதிலும் அவரைச் செருப்பு அணிந்து நடக்கச் சொல்லுங்கள். மலத்தை அன்றன்றே மண்ணோடு அள்ளி அகற்ற வேண்டும், காயவிட்டால் புழு முட்டைகள் மண்ணில் தங்கிவிடும். குழந்தையை நாய் கீறினாலும் கடித்தாலும், சிறிய காயம்தானே என்று விடாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி இலவசம்.

மடிப்பாக்கம்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தோட்டக்காரர் தூவியது ஆமணக்குப் புண்ணாக்குதான். கேட்டவுடன் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கே இரண்டு பேரை வைத்து மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினோம். வலை அடித்தாயிற்று, கடப்பா கல்லும் பதித்தாயிற்று. எதிர்வீட்டு அம்மா மறுப்பு ஏதும் சொல்லாமல் தெருமுனைக்கு மாறிக்கொண்டார், தொட்டியை அவரே இடம் பார்த்து வைத்தார். கறுப்பு நாயின் காதில் வெட்டு இல்லை. பதிவு செய்து, வண்டி வந்து கூட்டிச் சென்றிருக்கிறது.

ஒன்றுதான் மீதி. வலை கட்டிய கேட்டைச் சாத்த மறந்த ஒரு மதியம் செவலை உள்ளே வந்து, வடகிழக்கு மூலையில் மட்டும் மறுபடியும் பறித்தது. அந்த மூலையில் புண்ணாக்கு விழவே இல்லை, தண்ணீரும் அவ்வளவாகப் போகாது. பறித்த இடத்தில் கையை விட்டால் முழங்கை வரை போகிறது.

நங்கநல்லூர் தோட்டக்காரி:

அவ்வளவு ஆழம் நாய் பறித்ததாக இராது ஐயா, அது பெருச்சாளி வளையாக இருக்கும்; அதைத் தேடித்தான் செவலை அங்கே பறித்திருக்கும். சுவருக்கு அப்பால் மழைநீர் வடிகால் இருக்கிறதா என்று பாருங்கள். வளையில் பெரிய ஜல்லியைப் போட்டு நிரப்பி மேலே சிமென்ட் கலவை பூசுங்கள், வடிகாலிலிருந்து உள்ளே திறக்கும் குழாய் வாயில் மீதமுள்ள வலையைக் கட்டுங்கள். எலி மருந்து மட்டும் வைக்க வேண்டாம். மருந்து தின்று செத்த பெருச்சாளியைச் செவலை தின்றால் அதன் உயிரும் போகலாம்.