மாடி சோலார் லைனுக்கு மிக்ஸிங் வால்வு: பிளாக் குரூப்

[காலை 7:05] ஏ2 செயலாளர்: வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை மாடி சோலார் ஹீட்டர்ல இருந்து வீடுகளுக்கு வர்ற சுடுதண்ணி லைன்ல மிக்ஸிங் வால்வு (சுடுதண்ணில பச்சத்தண்ணியைத் தானாக் கலந்து சூட்டை ஒரே அளவுல வெக்கிற வால்வு) மாட்டறோம். சந்தேகம் இருந்தா இங்கயே கேட்டுருங்க. சி1 சாரும் பிளம்பர் அண்ணனும் பதில் சொல்லுவாங்க.

[7:11] பி3: எதுக்குங்க தனியா வால்வு? எங்க கீசர் 50 டிகிரிலதான் இருக்கு. சோலார் தண்ணி அது வழியாத்தானே வருது?

[7:16] சி1: அங்கதான் அம்மிணி எல்லாரும் ஏமாந்து போறது. கீசர் தெர்மோஸ்டாட்டுக்குக் காயிலை ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும் மட்டும்தான் தெரியும். உள்ள வர்ற தண்ணியே 75ன்னா அதை ஆற வைக்க அதால ஆகாது. 75 அப்படியே ஷவர்ல இறங்கும். வெயில் காலத்துல, ரெண்டு நாள் யாரும் தண்ணி எடுக்கலைன்னா டியூப் சோலார் (கண்ணாடிக் குழாய் வெச்ச ஹீட்டர்) 80ஐயும் தாண்டும்.

[7:18] ஏ4: எத்தனை டிகிரி வரைக்கும் பயமில்லைங்க சார்?

[7:24] சி1: பெரியவங்க தோல்ல ஆழமான தீப்புண் ஆகிற நேரம், தோராயமா:
49 டிகிரி – 5 நிமிஷத்துக்கு மேல
52 – 2 நிமிஷம்
54 – அரை நிமிஷம்
60 – 5 நொடி
68 – 1 நொடி
குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் தோல் மெலிசு, இதைவிடச் சீக்கிரம் வெந்துரும். சர்க்கரைல கால் மரத்துப் போனவங்களுக்குச் சூடே உறைக்காது. கொப்புளம் வந்த பொறகுதான் தெரியும்.

[7:26] பி3: அய்யோ. அப்போ கீசரை 40ல வெச்சுட்டா போச்சு.

[7:31] சி1: அதுவும் வேண்டாம். தேங்கி நிக்கிற தண்ணி 20ல இருந்து 45க்குள்ள இருந்தா லீஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். ஷவர்ல தெறிக்கிற பொடித் துளியோட மூச்சுல போனா நிமோனியா வரைக்கும் கொண்டு போகும். டேங்குல 60 இருக்கணும், உடம்புல படறது 40, 42தான் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும்னுதான் இந்த வால்வே.

[7:40] பிளம்பர் அண்ணன்: உள்ள மெழுகு அடைச்ச ஒரு குப்பி இருக்குதுங்க. சூடு ஏறினா மெழுகு விரிஞ்சு சுடுதண்ணி வழியைக் குறைக்கும், பச்சத்தண்ணி வழியைத் திறக்கும். பச்சத்தண்ணி திடீர்னு நின்னா சுடுதண்ணியையும் அடைச்சுரும். பாத்ரூம்ல இருக்கிற டைவர்ட்டர் (சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டையும் திருகிக் கலக்கற சுவர்க் குழாய்) இந்த வேலை செய்யாது. அதுல கலக்கறது நம்ம கைதான்.

[7:43] ஏ2 செயலாளர்: என்னென்ன சாமான் வேணுங்க அண்ணா?

[7:52] பிளம்பர் அண்ணன்: 1 இன்ச் தெர்மோஸ்டாட்டிக் வால்வு (அதான் நம்ம மிக்ஸிங் வால்வு) 1, என்ஆர்வி (தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடற வால்வு) 2, ஸ்ட்ரெய்னர் (தூசி வடிகட்டி) 2, பால் வால்வு (திறந்து மூடற வால்வு) 2, யூனியன் (கழட்டி மாட்டற இணைப்பு) 3. சோலார் டேங்குல இருந்து வால்வு வரைக்கும் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்). சிபிவிசி (சுடுதண்ணிக்கான பிளாஸ்டிக் பைப்) 93 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதுவும் சூடு ஏற ஏற பிரஷர் தாங்கறது குறையும். வால்வுக்கு அப்புறம் சிபிவிசி போதும். வெள்ளை பிவிசி எங்கயும் வேண்டாம், வளைஞ்சுரும்.

[7:58] சி1: வால்வு வாங்கும்போது குறைஞ்சபட்ச பிரஷர் என்னன்னு பாருங்க. 10 மீட்டர் உயரத் தண்ணிக்கு 1 பார் (பிரஷர் அளவு). நம்ம மேல்நிலைத் தொட்டி சோலாருக்கு 2 மீட்டர்தான் மேல, அதாவது 0.2 பார். 1 பார் கேக்கற வால்வை மாட்டினா மூணாவது மாடிக்கு நூல் மாதிரிதான் தண்ணி வரும்.

[8:03] ஏ4: அப்போ பச்சத்தண்ணியை பிரஷர் பம்ப் லைன்ல இருந்து எடுத்துக்கலாமுங்களா?

[8:09] பிளம்பர் அண்ணன்: கூடவே கூடாதுங்க. பம்ப் தண்ணி சுடுதண்ணி பக்கம் எதிர்த்துப் போயி சோலார் டேங்குல ஏறும், ஏர் வென்ட் (டேங்க் மேல காத்து போற குழாய்) வழியா மாடியெல்லாம் கொட்டும். என்ஆர்வி லேசா கசிஞ்சாலே போதும். ரெண்டும் ஒரே தொட்டித் தண்ணியா இருக்கணும். இன்னொண்ணு, ஹெல்த் ஃபாசெட்டை (டாய்லெட் கை ஸ்ப்ரே) நுனியில மட்டும் மூடிட்டு டைவர்ட்டரை ரெண்டு பக்கமும் திறந்து விட்டாலும் இதே கதைதான். அடியில சுவர்ல இருக்கிற ஆங்கிள் காக் குழாயையும் மூடிப் பழகுங்க.

[8:15] பி3: எங்க வீட்ல மாமியாரும் கைக்குழந்தையும் இருக்காங்க. மாடி வால்வு ஒண்ணு போதுமா?

[8:23] சி1: மாடில 50 வைக்கறோம். உங்களுக்கு பாத்ரூம்ல, கீசருக்கு அப்புறமா அரை இன்ச் வால்வு தனியா ஒண்ணு போட்டு 41ல வைங்க. ஆனா கீசரை 60க்கு ஏத்தணும். வர்ற சுடுதண்ணி கலவையைவிடக் குறைஞ்சது 10 டிகிரி கூட இருந்தாத்தான் பச்சத்தண்ணி நிக்கும்போது அந்த வால்வு ஒழுங்கா அடைக்கும். 50 தண்ணியைக் கொடுத்துட்டு 41 கேட்டா அந்தப் பாதுகாப்பு இல்லை.

[8:25] பி3: பக்கெட் குளியலுக்கு?

[8:31] சி1: எப்பவும் பச்சத்தண்ணி முதல்ல. 20 லிட்டர் பக்கெட்ல 28 டிகிரி தண்ணி 11 லிட்டர், 60 டிகிரி தண்ணி 9 லிட்டர், 42 வரும். குழந்தைக்கு 37, 38 போதும். முழங்கையை விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க.

[8:40] பிளம்பர் அண்ணன்: மாட்டின உடனே ரெண்டு சோதனை செய்வேனுங்க. 2 நிமிஷம் ஓட விட்டு தெர்மாமீட்டர்ல 50 பாத்து லாக் பண்றது ஒண்ணு. பச்சத்தண்ணி பால் வால்வை மூடினா சில நொடியில சுடுதண்ணி சொட்டுக்கு வரணும், அது இன்னொண்ணு. வரலைன்னா அந்த வால்வைத் திருப்பிக் கொடுத்துருவேன். வருஷம் ஒருக்கா இதையே திரும்பச் செய்யணும். போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்ட்ரெய்னரைக் கழட்டிக் கழுவணும். குப்பில வெள்ளையாப் படிஞ்சா வினிகர்ல ஊற வெச்சா போயிரும்.

[8:44] ஏ2 செயலாளர்: ஞாயிறு 10 மணியில இருந்து 1 மணி வரைக்கும் சோலார் லைன் மூடியிருக்கும்.

[8:46] பிளம்பர் அண்ணன்: திறந்ததும் ஷவர் தலையைக் கழட்டிட்டு 5 நிமிஷம் தண்ணி விடுங்க. பைப் வெட்டின தூள் வரும்.