இரவில் தனியாகத் திரும்பும் ஆண்கள்: எந்த முன்னெச்சரிக்கை உண்மையில் பயன்படும்?

கேள்வி: பின்னிரவுப்பயணி

பணிநேரம் மாறியதிலிருந்து வாரத்தின் பெரும்பாலான நாள்களில் நள்ளிரவை ஒட்டித்தான் வீடு திரும்புகிறேன். கடைசிப் பேருந்திலிருந்து இறங்கிய பிறகு விளக்குகள் குறைவாக உள்ள தெருக்களில் சிறிது தொலைவு நடக்க வேண்டும். என் தங்கைக்கு வீட்டில் சொல்லப்பட்ட பாதுகாப்பு அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே ஆகும், எனக்கோ “ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன பயம்?” என்பதைத் தவிர எவரும் எதுவும் சொன்னதில்லை. சட்டைப்பையில் சிறு கத்தியோ மிளகுத் தெளிப்பானோ வைத்திருக்கலாமா, வலிய வந்து வம்புக்கு இழுப்பவரிடம் பின்வாங்கினால் அவருடைய துணிச்சல் கூடிவிடாதா, தற்காப்புக் கலை கற்பது பயன் தருமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: களரிமாணவன்

நண்பரே, “ஆணுக்கு என்ன பயம்” என்பதற்கு எண்களே விடை சொல்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2019-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வின்படி, கொலையுண்டவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆண்கள். கொன்றவர்களிலும் பெரும்பான்மையினர் ஆண்களே என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

பல ஆண்டுகளாகத் தற்காப்புக் கலை கற்பிப்பவன் என்ற முறையில், தெருவில் ஓர் ஆண் சந்திக்கும் தாக்குதல்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். முதலாவது வழிப்பறி. அவனுக்கு வேண்டியது உங்கள் பொருள். ஆகவே பணப்பையையும் கைப்பேசியையும் வாதாடாமல் கொடுத்துவிட்டு விலகுங்கள். பொருளை வாங்கிக்கொண்ட பிறகும் உங்களை ஒரு வண்டியில் ஏறச் சொன்னாலோ, வேறோர் இடத்துக்கு நடக்கச் சொன்னாலோ மட்டும் நிலைமை முற்றிலும் வேறு. ஆளில்லாத இடத்தில் உங்களுக்குத் தப்பும் வழிகள் குறைந்துவிடும் என்பதால், அங்கேயே கத்தவும் ஓடவும் முயல்வதுதான் பொதுவாக நல்லது.

இரண்டாவது, “என்னடா முறைக்கிற?” என்று தொடங்குவது. இங்கே எதிராளிக்கு வேண்டியது உங்கள் பணமன்று, சுற்றி நிற்பவர்கள் முன் தன் கௌரவம். “மன்னிக்கவும், வேறு ஏதோ நினைவில் இருந்தேன்” என்று சொல்லி நகர்ந்தால், தோற்றுப்போகாமல் நிறுத்திக்கொள்ள அவருக்கும் ஒரு வழி கிடைக்கிறது. பின்வாங்கினால் துணிச்சல் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள், சிலருக்குக் கூடும். ஆனால் அதற்குள் நீங்கள் பத்தடி தள்ளியிருப்பீர்கள். பேசும்போது கைக்கு எட்டாத தொலைவில் நில்லுங்கள். உள்ளங்கைகளை விரித்து மார்பளவில் வைத்துக்கொண்டால் பணிவாகவும் தெரியும், முகத்தைக் காக்கவும் உதவும். விரலை நீட்டிப் பேசாதீர்கள். “சும்மா கத்தாதே” போன்ற சொற்கள் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

கத்தி வேண்டவே வேண்டாம். அச்சத்தில் அட்ரினலின் சுரக்கும்போது நுண்ணிய விரலசைவுகள் தடுமாறும், பார்வை குறுகும். அந்த நிலையில் மடக்குக் கத்தியைப் பையிலிருந்து எடுத்து விரிப்பதே கடினம். எடுத்துவிட்டாலோ, கைகலப்பாக முடிந்திருக்க வேண்டியது கொலை வழக்காக மாறலாம். மிளகுத் தெளிப்பானைப் பொறுத்தவரை, அது சில நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பானது. எதிர்க்காற்று வீசினால் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தற்காப்புக் கலையை உடலுறுதிக்காகவும் பதற்றத்தைக் கட்டுப்படுத்தவும் தாராளமாகக் கற்கலாம். ஆயுதம் ஏந்தியவனை வெறுங்கையால் மடக்கும் வித்தைகளைச் சில வாரங்களில் கற்பிப்பதாகச் சொல்பவர்களிடம் மட்டும் பணத்தை இழக்காதீர்கள்.

மறுமொழி: அவசரப்பிரிவுச்செவிலியர்

மேலே எழுதியவர் சொன்னதோடு உடல் சார்ந்த ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தெருச் சண்டையில் பல நேரங்களில் உயிரைப் பறிப்பது குத்து அன்று. குத்து வாங்கி நினைவிழந்தவர் கைகளை ஊன்ற முடியாமல் சாய்கையில் பின்தலை தரையில் மோதுவதுதான். ஒரே அடியால் ஒருவர் இறக்கவும், இன்னொருவர் சிறைக்குச் செல்லவும் முடியும். அடிக்கும் பக்கத்தில் இருப்பவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பது, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசியும் வகைக் காயத்தில், அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசி நடமாடிவிட்டுப் பிறகு திடீரென நினைவிழப்பதுண்டு. தலையில் அடிபட்டபின் தலைவலி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்கள் எந்த அறிகுறிக்கும் காத்திருக்கக் கூடாது. மது அருந்தியிருந்தால் இந்த அறிகுறிகளைப் போதை என்று எண்ணி உடனிருப்பவர்கள் விட்டுவிடுவார்கள். ஆகவே அவரைத் தனியே உறங்க விட வேண்டாம்.

கத்திக் காயமானால், உடலில் செருகியிருக்கும் கத்தியைப் பிடுங்கவே கூடாது. அதைச் சுற்றிலும் அழுத்திப் பிடியுங்கள். வெறும் வெட்டுக் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, உதவி வரும்வரை கையை எடுக்காமல் அழுத்துங்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் நடந்து வராதீர்கள்.

மறுமொழி: மாற்றுக்கருத்து

விலகிச் செல்லுங்கள் என்பது முன்பின் தெரியாதவரிடம் பொருந்தும். வம்பு செய்பவர் அடுத்த வீட்டுக்காரராகவோ உடன் பணியாற்றுபவராகவோ இருந்தால், இன்று விலகினாலும் நாளை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அத்தகைய நிலையில் மௌனமாகப் பொறுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு மிரட்டலையும் நாள், நேரம், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றோடு அன்றன்றே எழுதி வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், நம்பகமான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். “ஓர் ஆண் போய் இதற்கெல்லாம் புகார் கொடுப்பதா” என்ற கூச்சத்தால் பலர் காவல் நிலையத்துக்குக் கடைசியில்தான் போகிறார்கள், அப்போது காட்டுவதற்குக் கையில் எதுவும் இருப்பதில்லை.

மறுமொழி: பூட்டியதிரை

திறந்த திரையுடன் பறிக்கப்படும் கைப்பேசிதான் இன்று பெரிய இழப்பு. வங்கிச் செயலியும் மின்னஞ்சலும் அதில்தானே இருக்கின்றன. நடக்கும்போது அதைக் கையில் ஏந்தாதீர்கள், பொது இடத்தில் கடவு எண்ணைப் பிறர் காண இடாதீர்கள். *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது கைப்பேசியின் தனி அடையாள எண்ணை, வீட்டில் குறித்து வைத்தால் புகார் அளிக்கும்போது உதவும்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிமுகமில்லாதவருடன் காணொளி அழைப்பில் பேசியபின் அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டும் கும்பல்களின் இலக்கு பெரும்பாலும் ஆண்களே. ஒருமுறை கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். பணம் அனுப்பாமல், உரையாடலைச் சேமித்துக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துக் காவல்துறையிடம் செல்லுங்கள்.

பின்னிரவுப்பயணி

அனைவருக்கும் நன்றி. கத்தி எண்ணத்தைக் கைவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: யாரோ பின்தொடர்கிறார் என்று தோன்றினால், அது வெறும் பிரமையா என்று எப்படி அறிவது?

மறுமொழி: களரிமாணவன்

முதலில் காதிலிருக்கும் கருவியைக் கழற்றுங்கள். தெருவைக் கடந்து எதிர்ப்புறம் செல்லுங்கள். நடையின் வேகத்தை மாற்றுங்கள். தயங்காமல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தன் வழியே போகிறவர் போய்விடுவார். உங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரும் மாறினால் பிரமை என்று ஒதுக்க வேண்டாம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்குச் சென்று, எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கைப்பேசியில் யாரிடமாவது உரக்கச் சொல்லுங்கள். அவர் பின்னால் வரும்வரை வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.